கூட்டுவதற்கு முன் ஒரு கணக்கு

சகோதரிகளே, இடம்பெயர்ந்து வந்த நான் பம்பலப்பிட்டிப் பக்கம் கலியாண மண்டபங்களைக் கூட்டித்தான் பிள்ளைகளைப் படிப்பித்தேன். இப்போது நான்கு பெண்களோடு சேர்ந்து துப்புரவுத் தொழில் தொடங்கத் திட்டமிடுகிறேன். ஆசை என்னவோ கெத்தாராமை ஆர். பிரேமதாச மைதானத்தில்தான். 1986இல் திறந்த அந்த மைதானத்தில் சுமார் 35,000 பேர் இருக்கலாம். 2012 உலக இருபது ஓவர் இறுதிப்போட்டியும் அங்கேதான் நடந்தது.

முன்பு ஒருமுறை, ஒரு மண்டபத்துக்கு நிலத்தின் அளவை மட்டும் பார்த்து விலை சொல்லிக் கையைச் சுட்டுக்கொண்டேன். வேலையில் பாதி மலசலகூடத்தில் கிடந்தது. சனம் போக இரவு பதினொன்று. விடிவதற்குள் அடுத்த கலியாணத்துக்கு எல்லாம் ஆயத்தமாக வேண்டும். பெண்கள் வீடு போக ஓட்டோக் காசை நான் எழுதவேயில்லை. பணமோ இரண்டு மாதம் கழித்து வந்தது. அதற்குள் என் சங்கிலி அடைவுக்குப் போய்விட்டது.

இம்முறை சம்பளத்தோடு ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதம், நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் சேர்த்தே விலை எழுதுகிறேன். முதலாளி இப்போது நான்தானே! இரண்டு மாதச் சம்பளம் கையில் இல்லாமல் ஒப்பந்தம் எடுப்பதுமில்லை.

மைதானத்துக்குப் போட்டி நாளில் நிறையக் கைகள் வேண்டும், மற்ற நாட்களில் சிலரே போதும். ஆகவே முதலில் மண்டபங்கள்; பிறகு பெரிய ஒப்பந்தக்காரரிடம் ஒரு பக்கத்துக் கதிரைகளையும் மலசலகூடங்களையும் மட்டும் கேட்பேன். புல்லும் ஆடுகளமும் அதில் பயின்றவர்களின் வேலை.

நேற்று ஒரு மண்டபத்தில் கொப்பியோடு குழாய்களை எண்ணிக்கொண்டு நின்றேன். “என்ன அக்கா தேடுறீங்கள்?” என்றார் காவலாளி.