பெயரைப் பார்த்து விலை பேசாதீர்கள்
மாற்றம் செய்த கிட்டாரின் பெறுமதியைக் கணிப்பது எப்படி?

பாவித்த மின்சாதனம், தளபாடம், ஒலிபெருக்கி என்று வாங்கி விற்கும் எமது வியாபாரிகளிடம் அவ்வப்போது வந்து சேரும் ஒரு பொருள் எலெக்ட்ரிக் கிட்டார். வெளிநாடு செல்லும் குடும்பம் வீட்டைக் காலி செய்யும்போது வரும். கலைந்து போன இசைக்குழு ஒன்றின் சாமான்களோடு வரும். சில வேளை கடனுக்குப் பதிலாகவும் வரும். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் பாவித்த பொருள் வியாபாரம் செய்துவரும் என்னிடம், "இதற்கு என்ன விலை சொல்வது?" என்று சக வியாபாரிகள் கேட்பதுண்டு.

இசைக்கருவி வியாபாரம் பற்றிய மார்க்க விளக்கத்தை உலமாக்களிடம் கேட்டறிந்து கொள்ளுங்கள். நான் இங்கு எழுதுவது பெறுமதியைக் கணிக்கும் முறை பற்றி மட்டுமே. மோட்டார் சைக்கிள், தையல் இயந்திரம் போன்றவற்றுக்கும் இந்த முறை உதவும்.

முதலில் ஒன்றை மனதில் கொள்ள வேண்டும். மாற்றம் செய்யப்பட்ட கிட்டார் ஒரு பொருளல்ல; பல பொருட்களின் சேர்க்கை. பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் விற்கும் எவரும் இதை உடனே விளங்கிக் கொள்வார். செசி ஒரு வாகனத்தினது, எஞ்சின் இன்னொன்றினது என்றால், முன்னால் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்து அவர் விலை சொல்ல மாட்டார். கிட்டாரும் அப்படித்தான்.

பெயரும் இலக்கமும்

கிட்டாரின் தலைப்பகுதியில் உள்ள பெயரை எழுத்தெழுத்தாக வாசியுங்கள். கிப்சன் அமெரிக்க நிறுவனம். கிவ்சன் இந்தியத் தயாரிப்பு. ஹொஃப்னர் ஜெர்மனியினுடையது, ஹொப்னர் இந்தியாவினுடையது. ஓர் எழுத்தில் பெரும் பணம் போய்விடும். இந்தியக் கிட்டார் மோசமென்று நான் சொல்லவில்லை. அதற்குரிய விலையில் அதற்கும் வாடிக்கையாளர் உண்டு.

ஃபெண்டர் என்ற பெயர் இருந்தாலும் அவசரப்பட வேண்டாம். ஃபெண்டர் நிறுவனமே 1982 முதல் ஸ்குவையர் என்ற பெயரில் விலை குறைந்த கிட்டார்களை விற்று வருகிறது. ஸ்குவையர் பெயரைச் சுரண்டிவிட்டு ஃபெண்டர் ஸ்டிக்கரை ஒட்டுவது கடினமான வேலையல்ல.

அடுத்தது தொடரிலக்கம். ஃபெண்டர் கிட்டார்களில் 1976 வரை இது பொதுவாக உடலின் பின்புறமுள்ள இரும்புத் தகட்டில் இருந்தது. அதன் பிறகு பெரும்பாலும் தலைப்பகுதிக்கு வந்தது. எம்.என். என்ற எழுத்துக்களை அடுத்து 5 வந்தால், பொதுவாக அது 1995 ஆம் ஆண்டு மெக்சிகோ தயாரிப்பு. கிப்சனில் 1977 முதல் பெரும்பாலும் எட்டு இலக்கங்கள். முதலாம், ஐந்தாம் இலக்கங்கள் ஆண்டையும், இடையிலுள்ள மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதையும் சொல்லும். 82765501 என்றால் 1985 ஆம் ஆண்டின் 276 ஆவது நாள்.

ஆனால் தலைப்பகுதியில் உள்ள இலக்கம் கழுத்தின் வயதைத்தான் சொல்கிறது. உடலின் வயதை அல்ல. ஃபெண்டர் வகையில் கழுத்து நான்கு, சில மாதிரிகளில் மூன்று, ஸ்குரூ ஆணிகளால் பூட்டப்பட்டது. பத்து நிமிடத்தில் மாற்றி விடலாம். இலக்கம் சுரண்டப்பட்டிருந்தால் அந்தக் கிட்டாரை வாங்காமல் விடுவதே நல்லது.

உள்ளே பார்க்க வேண்டியவை

உரிமையாளரின் அனுமதியோடு கழற்றிப் பாருங்கள். முதலில் கம்பிகளைத் தளர்த்த வேண்டும். கிப்சன் லெஸ் போல் வகையில் கழுத்து பசையால் ஒட்டப்பட்டது. அதைக் கழற்ற முயல வேண்டாம்.

ஒன்று, ஆணிகள். வெள்ளவத்தைக் கடற்காற்றில் பத்து வருடம் இருந்த கிட்டாரில் ஆணிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரிக் கறுத்திருக்கும். பிக்கப்பைச் சுற்றி மட்டும் பளபளப்பான ஆணிகள் இருந்தால் அங்கே கைவைக்கப்பட்டிருக்கிறது. துரு குறைபாடுதான், ஆனால் அது ஒரு சாட்சியும் கூட.

இரண்டு, ஈயம் பற்றவைத்த இடங்கள். தொழிற்சாலை வேலை பொதுவாகச் சுத்தமாக இருக்கும். கட்டி கட்டியாக ஈயமும், நிறம் மாறிய புது வயரும் தெரிந்தால் பிக்கப்போ சுவிட்சோ மாற்றப்பட்டிருக்கலாம்.

மூன்று, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழின் கீழே உள்ள பொட். பழைய அமெரிக்கக் கிட்டார்களில் அதன் உலோகத்தில் எண் அடித்திருப்பார்கள். 1376633 என்றால், 137 அதைச் செய்த சி.டி.எஸ். நிறுவனத்தின் குறியீடு; 66 ஆண்டு; 33 வாரம். அந்தப் பொட் முதலிலிருந்தே இருந்ததென்றால், கிட்டார் 1966 இன் 33 ஆவது வாரத்துக்கு முன்னர் செய்யப்பட்டிருக்க முடியாது.

நான்கு, மரம். ஒற்றைச் சுருள் பிக்கப் இருந்த இடத்தில் அகலமான இரட்டைச் சுருள் பிக்கப்பைப் பொருத்துவதற்காக உளியால் குடைந்திருப்பார்கள். மேலே மூடியிருக்கும் பிளாஸ்டிக் தகட்டைக் கழற்றினால்தான் இது தெரியும். அந்தக் குழிகளின் ஓரத்தில் இரண்டு நிறப் பெயின்ட் தெரிந்தால் கிட்டாருக்கு மீண்டும் நிறம் பூசப்பட்டிருக்கலாம்.

ஐந்து, மீற்றர். மின்சாதனக் கடைக்காரர் அனைவரிடமும் இது உண்டு. சத்தத்தை முழுமையாகக் கூட்டி வைத்து, கிட்டார் வயரின் முனையில் அளந்தால், ஒற்றைச் சுருள் பிக்கப் சுமார் 5 முதல் 7 கிலோ ஓம் காட்டும். இரட்டைச் சுருள் பெரும்பாலும் 7 க்கு மேல் காட்டும். ஒன்றும் காட்டாவிட்டால் சுருளோ வயரோ அறுந்திருக்கக் கூடும்.

எந்த மாற்றம் விலையைக் குறைக்கும்?

மாற்றங்கள் இரண்டு வகை. திருப்பி விடக்கூடியவை: பிக்கப், பொட், கம்பி முறுக்கும் சாவிகள். திருப்ப முடியாதவை: குடைந்த மரம், பூசிய நிறம், வெட்டிய தலைப்பகுதி.

பழைய அமெரிக்கக் கிட்டார்களைச் சேகரிப்போர் மூலநிலைக்கே பணம் கொடுக்கிறார்கள். 1965 இல் சி.பி.எஸ். நிறுவனம் வாங்குவதற்கு முந்திய ஃபெண்டர் ஒன்றுக்கு மீண்டும் நிறம் பூசினாலே விலை பாதியளவுக்கு இறங்கிவிடும் என்பது அத்துறையினரின் பொதுவான கணக்கு. ஆனால் சாதாரண மெக்சிகோ, இந்தோனேசியக் கிட்டாரை வாங்குபவர் வாசிப்பதற்கே வாங்குகிறார். நல்ல பிக்கப் போட்டிருந்தால் அவர் கொஞ்சம் கூடுதலாகவும் தருவார்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. பிரித்தானியக் கலைஞர் எரிக் கிளப்டன் 1970 இல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் ஆறு பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார்களை வாங்கினார். மூன்றை நண்பர்களுக்குக் கொடுத்துவிட்டு, மிகுதி மூன்றின் நல்ல பாகங்களைச் சேர்த்து ஒன்றாக்கினார். அந்த ஒட்டுக் கிட்டார் 2004 இல் நியூயோர்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 9 இலட்சத்து 59 ஆயிரத்து 500 டொலருக்கு விலைபோனது. அங்கே விற்கப்பட்டது மரமும் கம்பியும் அல்ல. யார் வாசித்தார் என்பதற்கான ஆதாரம். ஆகவே, "பிரபல குழுவில் வாசித்தது" என்று யாராவது சொன்னால் புகைப்படமோ பற்றுச்சீட்டோ கேளுங்கள். ஆதாரம் இல்லாத கதைக்கு விலை இல்லை.

கணக்குப் போடும் முறை

விளக்கத்துக்காக மட்டும் சில தொகைகளை எடுத்துக் கொள்வோம். மாற்றம் செய்யப்படாத அதே மாதிரி பாவித்த நிலையில் 120,000 ரூபாவுக்கு விற்கிறது என்போம். கேட்கும் விலையை அல்ல, உண்மையில் விற்ற விலையை எடுக்க வேண்டும். மூலப் பிக்கப் இல்லாததற்கு 25,000, திருத்த வேலைக்கு 8,000, மரம் குடையப்பட்டதற்கு 20,000 கழித்தால் மிகுதி 67,000. உங்கள் இலாபமும் பணம் முடங்கும் காலமும் 12,000 என்றால், நீங்கள் கொடுக்கக்கூடிய விலை 55,000.

இனிப் பாகங்களைத் தனித்தனியே கூட்டுங்கள். கழுத்து 25,000, உடல் 12,000, பிக்கப் 30,000, சாவிகள் 6,000, பிரிட்ஜ் 7,000, மொத்தம் 80,000. முழுதாக விற்பதை விட இது கூடுதல்தான். ஆனால் ஐந்து பாகத்துக்கு ஐந்து வாடிக்கையாளர் தேவை. அதுவரை உங்கள் முதல் முடங்கிக் கிடக்கும்.

கொட்டாஞ்சேனையில் ஓர் இளைஞர் என்னிடம் கிட்டார் ஒன்றைக் கொண்டு வந்தார். "நானா, இது அமெரிக்கன் ஃபெண்டர். ரெண்டாயிரம் டொலர் போகும்" என்றார். "தம்பி, கழற்றிப் பார்த்துவிட்டுப் பேசுவோம்" என்றேன். அவர் முன்னாலேயே கழற்றினேன். கழுத்து மட்டும்தான் ஃபெண்டர், உடல் வேறொன்றினது. அவர் முகம் வாடிவிட்டது. "பழைய பிக்கப்பை என்ன செய்தீர்கள்?" என்று கேட்டேன். வீட்டில் ஒரு பிஸ்கட் டின்னில் இருப்பதாகச் சொன்னார். அதையும் கொண்டு வந்ததும் என் விலையை உயர்த்திக் கொடுத்தேன். கழற்றிய பாகங்களைக் கேட்டு வாங்க மறந்து விடாதீர்கள். விற்பவருக்கு அவற்றின் பெறுமதி தெரியாமல் இருக்கலாம். அதற்காக அவற்றை இனாமாகப் பெறுவது முறையல்ல.

டொலர் விலையைச் சொல்லி மிரட்டுபவரிடமும் நிதானமாக இருங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதமளவில் 360 ஐத் தொட்டது. வெளிநாட்டு விலையை ரூபாவாக மாற்றினால் எதுவும் பெரிதாகத்தான் தெரியும். ஆனால் உங்கள் வாடிக்கையாளர் கொழும்பில்தான் சம்பாதிக்கிறார்.

வாங்கும்போது விற்பவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், கிட்டாரின் தொடரிலக்கம் ஆகியவற்றை எழுதிக் கையொப்பம் பெறுங்கள். களவுப் பொருளைத் தெரிந்து வாங்குவது சட்டப்படி குற்றம். விற்கும்போது, "கழுத்து 1995 மெக்சிகோ ஃபெண்டர், உடல் வேறு, பிக்கப் மாற்றப்பட்டது, மரம் குடையப்பட்டுள்ளது" என்று பற்றுச்சீட்டிலேயே எழுதிக் கொடுங்கள். குறையை மறைத்து விற்பதை எமது மார்க்கம் தடுத்திருக்கிறது. வியாபாரக் கணக்கும் அதையே சொல்கிறது. குறையை எழுதிக் கொடுத்த கிட்டாரைத் திருப்பிக் கொண்டு வந்து சண்டை பிடிக்க யாருக்கும் காரணம் இருக்காது.