சிறிய அறை, பெரிய குடும்பம், ஒரே படம்

மும்பையில் 10 அடி அறைக்குள் மூன்று தலைமுறையையும் ஒரே படத்தில் அடக்குவது எளிதல்ல. 50 மி.மீ. லென்ஸ் 10 அடி தூரத்தில் 7 அடி அகலத்தைத்தான் எடுக்கும், 21 மி.மீ. லென்ஸோ 17 அடியை வாரிக்கொள்ளும். மருமகன் கொடுத்த லைக்கா எம்6 பிலிம் காமிரா என்னிடம் இருக்கிறது. லைக்காவின் சொந்த லென்ஸ் என் ஓய்வூதியத்துக்கு எட்டாது. ஆகவே ஜப்பானின் கொசினா நிறுவனம் வோய்க்லேண்டர் என்ற பெயரில் செய்த 21 மி.மீ. எஃப்/4 லென்ஸை மாட்டிப் பார்த்தேன்.

ரேஞ்ச்ஃபைண்டர் காமிராவில் நாம் லென்ஸ் வழியே பார்ப்பதில்லை. அதற்கென உள்ள சிறு சன்னல் வழியே பார்க்கிறோம். எம்6-இன் சன்னலில் 28 மி.மீ. வரைதான் எல்லைக்கோடு உண்டு. 21-க்குத் தனி வியூஃபைண்டரைக் காமிராவின் தலையில் செருக வேண்டும். தூரத்தை ஒன்றில் சரிசெய்து, படத்தின் எல்லையை மற்றொன்றில் பார்ப்பது இரட்டை வேலை. நான் அதைத் தவிர்த்துவிட்டேன். எஃப்/4-இல் தூரத்தை 8 அடிக்கு வைத்துவிட்டால், 5 அடியிலிருந்து எதிர்ச்சுவர் வரை தெளிவாக விழும்.

ஓரத்தில் நிற்பவர் முகம் பக்கவாட்டில் இழுபட்டுப் பருக்கும். இது மலிவு லென்ஸின் குறையன்று. அகன்ற காட்சியைத் தட்டையான பிலிமில் விரிப்பதால் வருவது; எந்த உயர்ந்த லென்ஸிலும் வரும். பாட்டியை நடுவில் உட்கார வையுங்கள். ஓரங்களைக் கதவுக்கும் அலமாரிக்கும் விடுங்கள். தண்டவாளத்துக்கு ரசமட்டம் பார்ப்பதுபோல் காமிராவை மட்டமாகப் பிடியுங்கள். இல்லையேல் சுவர்கள் சாயும். எங்கள் வீட்டுப் பதினொரு பேரும் முதல் சுருளிலேயே விழுந்துவிட்டார்கள்.