வீட்டுக் கணினிக்கு எவ்வளவு காவல் போதும்?

கணினித் திரையின் ஓரத்தில் ஒரு பெட்டி எழுகிறது. ‘உங்கள் பாதுகாப்பு இன்றுடன் முடிகிறது, உடனே புதுப்பியுங்கள்’ என்று சிவப்பு எழுத்தில் எச்சரிக்கிறது. பக்கத்திலேயே பெரிய தள்ளுபடி. பிள்ளைகளின் வீட்டுப்பாடம், மத்திய சேம நிதிக் கணக்கு, வங்கி வேலை எல்லாம் அதே கணினியில்தான் நடக்கின்றன. எதற்கு வம்பு என்று கடன்பற்று அட்டை எண்ணைத் தட்டிவிடுகிறோம். அடுத்த ஆண்டு அதைவிடக் கூடுதலான தொகை தானாகவே கழிக்கப்படும்போதுதான், இது உண்மையிலேயே தேவையா என்ற கேள்வி வருகிறது.

ஆன்டிவைரஸ், விபிஎன் ஆகிய இரண்டும் எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்று தெரிந்துகொண்டால் அந்தக் கேள்விக்கு விடை காண்பது சுலபம்.

கணினியோடு வந்த காவலாளி

விண்டோஸ் 10, 11 கணினிகளில் ‘மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர்’ என்ற ஆன்டிவைரஸ் ஏற்கெனவே இருக்கிறது. அதற்குத் தனிச் சந்தா கிடையாது. ஒரு காலத்தில் அதை யாரும் பெரிதாக மதித்ததில்லை. இப்போது நிலைமை வேறு. ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் ஆய்வகம் ஆன்டிவைரஸ்களைச் சோதித்து, பாதுகாப்பு, வேகம், பயன்பாடு ஆகிய மூன்று பிரிவுகளிலும் தலா 6 புள்ளிகள் வரை வழங்குகிறது. அச்சோதனைகளில் டிஃபெண்டர் கட்டண மென்பொருள்களுக்கு ஈடுகொடுத்து வருகிறது. ஆப்பிளின் மேக் கணினிகளிலும் ‘எக்ஸ்புரொடெக்ட்’ என்ற காவல் உள்ளேயே அமைந்துள்ளது.

வேறு ஆன்டிவைரஸ் ஒன்றை நிறுவினால் டிஃபெண்டர் ஒதுங்கிக்கொள்ளும். புதுக் கணினியோடு சோதனைக் காலத்துக்கு இலவசமாக வந்த மென்பொருளின் சந்தா முடிந்திருந்தால், அதை முழுமையாக நீக்கிவிடுங்கள். பிறகு ‘விண்டோஸ் செக்யூரிட்டி’ பக்கத்தைத் திறந்து, டிஃபெண்டர் மீண்டும் வேலை செய்கிறதா என்று பாருங்கள். பாதுகாப்பு கூடும் என்று நினைத்து இரண்டு ஆன்டிவைரஸ்களை ஒரே நேரத்தில் ஓடவிட வேண்டாம். ஒன்றையொன்று சந்தேகித்துக் கணினியை மந்தமாக்கிவிடும்.

ஆன்டிவைரஸைவிட முக்கியமானது, விண்டோஸை அவ்வப்போது புதுப்பிப்பது. 2017 மே மாதம் ‘வானாகிரை’ என்ற நச்சுநிரல் சுமார் 150 நாடுகளில் கணினிகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. பிரிட்டனில் மருத்துவமனைகளே முடங்கின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதங்களுக்கு முன்பே வெளியிட்டிருந்தது. ‘பிறகு பார்க்கலாம்’ என்று தள்ளிப்போட்ட கணினிகள் ஏராளமாகச் சிக்கின.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பழைய கணினி விண்டோஸ் 11க்கு மாறக்கூடியதா என்று பார்ப்பது, புதிய ஆன்டிவைரஸ் வாங்குவதைவிட அவசரமான வேலை.

காசு கொடுத்து வாங்க நினைத்தால்

சில குடும்பங்களுக்குக் கட்டண மென்பொருள் பயன்படலாம். கணினி, கைப்பேசி எனப் பல சாதனங்களை ஒரே இடத்திலிருந்து கவனிக்க நினைப்பவர்கள், பிள்ளைகளின் இணையப் பயன்பாட்டுக்கு வரம்பு வைக்க விரும்புபவர்கள், வீட்டிலிருந்து வியாபாரம் செய்து வாடிக்கையாளர் விவரங்களை வைத்திருப்பவர்கள் ஆகியோர் யோசிக்கலாம்.

வாங்குமுன் முதலாண்டு விலையோடு இரண்டாம் ஆண்டு விலையையும் பாருங்கள். பெரிய தள்ளுபடி பெரும்பாலும் முதலாண்டுக்கு மட்டும்தான். தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்தும் வழி இருக்கிறதா என்றும் பாருங்கள். நார்ட்டன், அவாஸ்ட், ஏவிஜி, அவிரா ஆகிய நான்கு பெயர்களும் இன்று ‘ஜென் டிஜிட்டல்’ என்ற ஒரே நிறுவனத்துக்குச் சொந்தம். இந்த நான்கையும் ஒப்பிட்டு மண்டையை உடைத்துக்கொள்ளுமுன் அதை நினைவில் வையுங்கள்.

இலவசம் என்றாலும் கவனம் தேவை. அவாஸ்ட் நிறுவனம், தன் பயனாளர்கள் எந்தெந்த இணையத்தளங்களுக்குச் சென்றார்கள் என்ற விவரங்களைத் துணை நிறுவனம் ஒன்றின் மூலம் விற்றதாக அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றஞ்சாட்டியது. 2024ல் அந்த விவகாரம் 16.5 மில்லியன் அமெரிக்க டாலர் செலுத்துவதில் முடிந்தது. வீட்டைக் காக்க வந்தவரே வீட்டுச் செய்தியை வெளியில் விற்ற கதை அது.

விபிஎன் எதை மறைக்கிறது?

விபிஎன் உங்கள் கணினிக்கும் அந்த நிறுவனத்தின் கணினிக்கும் இடையே ஒரு சுரங்கப்பாதை போடுகிறது. நீங்கள் எந்தத் தளத்துக்குச் செல்கிறீர்கள் என்பது வீட்டுக்கு இணையச் சேவை வழங்கும் நிறுவனத்துக்குத் தெரியாது. ஆனால், சுரங்கத்தின் மறுமுனையில் நிற்கும் விபிஎன் நிறுவனத்துக்கு அது தெரியும். சிங்கப்பூரில் உரிமம் பெற்றுச் செயல்படும் நிறுவனத்தின்மீது வைத்த நம்பிக்கையை, முகம் தெரியாத வேறொரு நிறுவனத்தின்மீது மாற்றி வைக்கிறோம்.

வங்கித் தளத்தில் நீங்கள் தட்டச்சு செய்யும் கடவுச்சொல், விபிஎன் இல்லாமலேயே மறையாக்கம் செய்யப்பட்டுத்தான் செல்கிறது. முகவரிக்கு முன்னால் உள்ள ‘எச்டிடிபிஎஸ்’ அதைத்தான் குறிக்கிறது. போலி வங்கித் தளத்துக்கு நீங்களே சென்றால் விபிஎன் தடுக்காது. உங்கள் கடவுச்சொல்லைப் பத்திரமாக மோசடிக்காரரிடம் கொண்டுசேர்க்கும்.

அலுவலகக் கோப்புகளை வீட்டிலிருந்து திறக்க நிறுவனமே தரும் விபிஎன் அவசியம். வெளியூர் ஹோட்டல், விமான நிலைய வைஃபையை அடிக்கடி பயன்படுத்துவோருக்கும் அது உதவும். வீட்டு வைஃபையில் மட்டும் புழங்கும் கணினிக்கு அது பெரும்பாலும் தேவைப்படாது.

இலவச விபிஎன்னில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். ஃபேஸ்புக் 2013ல் வாங்கிய ‘ஒனாவோ’ நிறுவனத்தின் விபிஎன் செயலி, பயனாளர்கள் எந்தச் செயலிகளைப் பயன்படுத்துகிறார்கள் என்று ஃபேஸ்புக் கவனிக்கும் சாளரமாக இருந்தது. 2018ல் அது ஆப்பிளின் செயலிக் கடையிலிருந்து விலக்கப்பட்டது.

மதிப்புரைகளையும் அப்படியே நம்பிவிட முடியாது. எக்ஸ்பிரஸ்விபிஎன், சைபர்கோஸ்ட் ஆகியவற்றை வைத்திருக்கும் ‘கேப் டெக்னாலஜிஸ்’, விபிஎன்களுக்கு மதிப்பெண் போடும் ‘விபிஎன்மென்டர்’ தளத்தின் உரிமையாளரையும் 2021ல் வாங்கியது. ஆகவே, உரிமையாளர் யார், பயன்பாட்டுப் பதிவுகளை வைத்திருப்பதில்லை என்ற வாக்குறுதியை வெளித்தணிக்கையாளர்கள் சரிபார்த்தார்களா என்ற இரண்டையும் தேடிப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

கதவைத் திறப்பது யார்?

சிங்கப்பூரில் 2024ல் மோசடிகளால் மக்கள் இழந்தது 1.1 பில்லியன் வெள்ளிக்கும் மேல். காவல்துறை விவரப்படி, பத்தில் எட்டுக்கும் மேற்பட்ட சம்பவங்களில் பாதிக்கப்பட்டவர்களே பணத்தை அனுப்பியிருந்தார்கள். அன்பாகப் பேசியவரை நம்பி ஒருவர் தாமே பணம் அனுப்பும்போது எந்த ஆன்டிவைரஸும் குறுக்கே வராது.

நச்சுநிரல் நுழையும்போதும் கதையில் அதிக மாற்றமில்லை. 2023ல் கைப்பேசி நச்சுநிரல் மோசடிகளில் குறைந்தது 34 மில்லியன் வெள்ளி பறிபோனது. வீட்டுத் துப்புரவு, மலிவு உணவு என்று வந்த விளம்பரங்களைப் பார்த்து, செயலிக் கடைக்கு வெளியிலிருந்து செயலியைப் பதிவிறக்கியவர்கள் சிக்கினார்கள். கணினியில் அதற்கு ஈடானது, காசு கொடுக்காமல் கிடைக்கும் திருட்டு மென்பொருளும் விளையாட்டும். ‘ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு நிறுவுங்கள்’ என்று அவற்றோடு வரும் குறிப்புக்குப் பிள்ளைகள் பணிந்தால், பூட்டுக்கு வேலையே இல்லை. ஆன்டிவைரஸின் பெயரில் வரும் போலிக் கட்டண ரசீதும் இந்த வகைதான். அதில் உள்ள எண்ணை அழைக்காதீர்கள்.

இந்த வார இறுதியில் செய்யலாம்

• விண்டோஸ் புதுப்பிப்பை முடித்து, கணினியை ஒருமுறை அணைத்துத் திறக்கவும்.

• ‘விண்டோஸ் செக்யூரிட்டி’யில் பச்சை அடையாளம் தெரிகிறதா என்று பார்க்கவும்.

• பிள்ளைகளுக்கு நிர்வாகி உரிமை இல்லாத தனிக் கணக்கு தொடங்கவும். அவர்கள் எதை நிறுவினாலும் உங்கள் கடவுச்சொல் தேவைப்படும்படி அமைக்கலாம்.

• மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் வெவ்வேறு கடவுச்சொற்கள் வைத்து, இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கவும்.

• உடனடியாகத் தேவைப்படாத சேமிப்பை, வங்கியின் பணத்தைப் பூட்டிவைக்கும் வசதிக்கு மாற்றவும்.

• சந்தேகம் வந்தால் ஸ்கேம்‌ஷீல்டு உதவி எண் 1799ஐ அழைக்கவும். பெற்றோரின் கைப்பேசியிலும் அதைப் பதிந்துவைக்கவும்.

ஆன்டிவைரஸுக்கும் விபிஎன்னுக்கும் ஒதுக்கிய பணம் மிஞ்சினால், ஒரு வெளிப்புற வன்தட்டு வாங்கிக் குடும்பப் படங்களையும் முக்கிய ஆவணங்களையும் நகலெடுங்கள். நகலெடுத்ததும் கம்பியைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுங்கள். கணினியை யாரோ பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நாளில், பேரம் பேச வேண்டிய நிலை உங்களுக்கு வராது.