உங்களுக்குத் தெரியுமா? லினக்ஸ் ஒன்று, ரசிகர் மன்றங்கள் பல!

லினக்ஸ் பயன்படுத்துகிற இரண்டு பேர் எங்கே சந்தித்தாலும் பேச்சு சீக்கிரமே ஒரு கேள்விக்கு வந்துவிடும்: "நீங்க எந்த டிஸ்ட்ரோ?" சினிமா நடிகர்களுக்கு இருப்பதுபோல லினக்ஸின் ஒவ்வொரு வழங்கலுக்கும் ஒரு ரசிகர் மன்றம் உண்டு. டெபியன்காரருக்கு உபுண்டு அவசரக்குடுக்கை. ஆர்ச்காரருக்கு இரண்டுமே சின்னப்பிள்ளை சமாச்சாரம். ஆனால், இந்தப் பிரியங்கள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் உருப்படியான ஒரு காரணம் இருக்கிறது.

உள்ளே ஓடுவது ஒன்றுதான்
கறாராகச் சொன்னால் லினக்ஸ் என்பது கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) மட்டுமே. ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆகஸ்ட் 25 அன்று அதை அறிவித்தபோது, "இது வெறும் பொழுதுபோக்கு, பெரிதாக வளராது" என்ற பொருளில்தான் எழுதினார். அந்தக் கெர்னலோடு ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் அறிவித்த க்னூ திட்டத்தின் கருவிகள், ஒரு திரைமுகப்பு, மென்பொருள்களை நிறுவ ஒரு வழி எல்லாம் சேர்ந்தால் அது ஒரு டிஸ்ட்ரோ. யார் சேர்க்கிறார்கள், எப்படிச் சேர்க்கிறார்கள் என்பதில்தான் சண்டையே.

இன்னும் மூச்சுவிடும் மூத்தவர்
இன்றும் உயிரோடு இருக்கிற டிஸ்ட்ரோக்களில் மிகப் பழையது ஸ்லாக்வேர். பேட்ரிக் வோல்கர்டிங் 1993 ஜூலையில் வெளியிட்டார். இன்றுவரை அவரே பார்த்துக்கொள்கிறார். 2016இல் 14.2 வந்தது, அடுத்த பதிப்பான 15.0 வர 2022 பிப்ரவரி ஆகிவிட்டது. ஒரு மென்பொருளுக்குத் துணையாக வேறு எதெல்லாம் வேண்டும் என்று ஸ்லாக்வேர் தானாகத் தேடித் தராது. "நான் சொல்லாத எதையும் அது செய்யாது" என்பதுதான் ரசிகர்கள் அதற்குக் கொடுக்கிற பாராட்டு.

பொம்மைகளின் பெயரில்
டெபியனை 1993 ஆகஸ்ட் 16 அன்று அறிவித்தவர் இயன் மர்டாக். காதலி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் சேர்த்து வைத்த பெயர் அது. அதன் பதிப்புகளுக்கெல்லாம் 'டாய் ஸ்டோரி' படத்துப் பாத்திரங்களின் பெயர்: பஸ், வுடி, ஜெஸ்ஸி, புல்ஸ்ஐ, 2025 ஆகஸ்டில் வந்த 13ஆம் பதிப்புக்கு ட்ரிக்ஸி. எப்போதும் சோதனையிலேயே இருக்கும் நிலையற்ற கிளைக்கு மட்டும் 'சிட்' என்று பெயர். படத்தில் பொம்மைகளை உடைத்துப் போடுகிற பக்கத்து வீட்டுப் பையன் அவன்!

முதலாளி இல்லாத கடை
டெபியனுக்குப் பின்னால் எந்த நிறுவனமும் இல்லை. உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் ஆண்டுதோறும் வாக்களித்துத் தங்கள் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். முன்கூட்டியே குறித்த தேதிக்காகப் பதிப்பை வெளியிடும் வழக்கமும் கிடையாது. பெரிய வழுக்கள் தீர்ந்த பிறகே வெளியீடு. 60,000க்கும் மேற்பட்ட மென்பொருள் பொதிகள் அதில் உண்டு. சர்வர் வைத்திருப்பவர்கள் டெபியன் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவது இதனால்தான். புத்தம்புது பதிப்புகள் தாமதமாகத்தான் வரும். அது தெரிந்தே அதை வைத்திருக்கிறார்கள்.

விண்வெளியிலும்
சர்வதேச விண்வெளி நிலையத்தில் பயன்படுத்திய மடிக்கணினிகள் 2013இல் விண்டோஸிலிருந்து டெபியன் 6க்கு மாறின. நம்பகமாக இருக்க வேண்டும், தேவைப்பட்டால் உள்ளே கை வைத்துத் திருத்த முடிய வேண்டும் என்பதே சொல்லப்பட்ட காரணம். 2021 ஏப்ரல் 19 அன்று செவ்வாயில் முதன்முதலாகப் பறந்த இன்ஜெனுவிட்டி ஹெலிகாப்டரிலும் லினக்ஸ்தான்.

தபாலில் வந்த உபுண்டு
தென்னாப்பிரிக்கரான மார்க் ஷட்டில்வொர்த் தன் தாட் நிறுவனத்தை 1999இல் விற்றார். 2002இல் சொந்தச் செலவில் விண்வெளிக்குப் போய்வந்தார். 2004 அக்டோபரில் உபுண்டுவைத் தந்தார். டயல்-அப் இணைப்பில் ஒரு சி.டி. அளவு கோப்பை இறக்குவது பெரும்பாடாக இருந்த காலம் அது. இணையத்தில் முகவரி கொடுத்தால் போதும்; காகித உறையில் சி.டி. வீட்டுக்கே வரும். தபால் செலவுகூட அவர்களுடையது. 2011 வரை நடந்த இந்தத் திட்டத்தில்தான் இந்தியாவில் பலரும் லினக்ஸை முதன்முதலாகக் கையில் தொட்டுப் பார்த்தார்கள்.

எண்ணிலேயே தேதி
உபுண்டு 24.04 என்றால் 2024ஆம் ஆண்டு, நான்காம் மாதம். ஏப்ரலில் ஒன்று, அக்டோபரில் ஒன்று என்று ஆண்டுக்கு இரண்டு பதிப்புகள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வருவது நீண்டகால ஆதரவுப் பதிப்பு. அதற்கு ஐந்து ஆண்டு பாதுகாப்புத் திருத்தங்கள் உறுதி. ஒரே ஒருமுறை, 2006இல், ஏப்ரலில் வர வேண்டியது தாமதமானது. அதனால் அதன் எண் 6.06!

வழு எண் 1
உபுண்டுவின் வழுப் பட்டியலில் முதலாவதாகப் பதிவானது மென்பொருள் கோளாறே அல்ல. சந்தையில் பெரும்பங்கு மைக்ரோசாஃப்டிடம் இருக்கிறது என்பதையே ஷட்டில்வொர்த் 2004இல் 'வழு' என்று பதிவுசெய்தார். கைப்பேசிகள் வந்து களமே மாறிவிட்டது என்று சொல்லி 2013இல் அவரே அதை முடித்துவைத்தார்.

பெண் பெயர்தான், 'ஆ' ஓசையில்தான்
லினக்ஸ் மின்ட்டின் பதிப்புகள் எல்லாமே பெண்கள். 2006இல் வந்த முதல் பதிப்பு ஆடா. பிறகு வனெஸா, வில்மா, ஸாரா. ஆங்கிலத்தில் ஏறக்குறைய எல்லாப் பெயரும் 'ஏ' எழுத்தில் முடியும்.

மின்ட் ஏன் பிடிக்கிறது?
2011இல் ஜினோம் 3 திரைமுகப்பு வந்தபோது பழகிய மெனுவும் அடிப்பட்டையும் காணாமல் போயின. உபுண்டுவும் யூனிட்டி என்ற புதிய முகப்புக்கு மாறியது. பலருக்கு எரிச்சல். அப்போது மின்ட் குழு 'சின்னமன்' என்ற முகப்பைத் தானே உருவாக்கியது. இடது கீழ்மூலையில் மெனு, வலது கீழ்மூலையில் கடிகாரம், நடுவில் திறந்திருக்கும் ஜன்னல்கள். விண்டோஸ் 7 பழகியவர் எதையும் தேட வேண்டியதில்லை. இன்னொரு வரப்பிரசாதம் டைம்ஷிஃப்ட்: அப்டேட் போடும் முன் கணினியின் நிலையைப் பதிந்து வைத்துக்கொண்டால், ஏதாவது சொதப்பினால் பழைய நிலைக்கே திரும்பிவிடலாம். வீட்டில் பெரியவர்களுக்கு நிறுவித் தருபவர்கள் மின்ட்டைத் தேர்ந்தெடுப்பதில் ஆச்சரியமில்லை.

ஒரு நாள் விபரீதம்
2016 பிப்ரவரி 20 அன்று மின்ட்டின் இணையதளத்துக்குள் புகுந்த விஷமிகள், பின்வாசல் வைத்த போலிக் கோப்புக்கு இணைப்பை மாற்றிவிட்டார்கள். அன்று 17.3 சின்னமன் பதிப்பை அங்கிருந்து இறக்கியவர்கள் மாட்டிக்கொண்டார்கள். எந்த டிஸ்ட்ரோ ஆனாலும் ஐ.எஸ்.ஓ. கோப்பை இறக்கியதும் சரிபார்ப்பு எண்ணை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்வது சும்மா இல்லை.

"நான் ஆர்ச் பயன்படுத்துகிறேன்"
யாரும் கேட்காமலேயே ஆர்ச்காரர் இதைச் சொல்லிவிடுவார் என்பது லினக்ஸ் உலகின் நிரந்தர நகைச்சுவை. பெருமைக்குக் காரணம் உண்டு. கனடாவின் ஜட் வினெட் 2002இல் தொடங்கிய ஆர்ச்சை நிறுவப் போனால் கறுப்புத் திரையில் ஒரு கர்சர் மட்டும் கண் சிமிட்டும். வட்டைப் பிரிப்பது முதல் நேர மண்டலம் வரை எல்லாவற்றையும் நீங்களே தட்டச்ச வேண்டும். 2021இல் வேலையைக் குறைக்க ஒரு நிறுவல் உதவிநிரல் சேர்ந்தது. ஆர்ச்சுக்குப் பதிப்பு எண்ணே கிடையாது. புதியது வரவர உடனே கைக்கு வரும். அதன் விக்கி அவ்வளவு விரிவானது என்பதால் மற்ற டிஸ்ட்ரோக்காரர்களும் சத்தமில்லாமல் அங்கேதான் போய்ப் படிக்கிறார்கள்.

விளையாட்டுப் பெட்டிக்குள் ஆர்ச்
வால்வ் நிறுவனம் 2022 பிப்ரவரியில் வெளியிட்ட ஸ்டீம் டெக் கையடக்க விளையாட்டுக் கருவியில் இருப்பது ஸ்டீம் ஓ.எஸ். 3. அதன் அடித்தளம் ஆர்ச். முந்தைய பதிப்புகளுக்கு டெபியன் அடித்தளமாக இருந்தது. விண்டோஸுக்காக எழுதிய விளையாட்டுகள் புரோட்டான் என்ற இடைப்பாலம் வழியாக அதில் ஓடுகின்றன.

வேகமான பென்குயின்
ஜென்டூ என்பது பென்குயின்களிலேயே வேகமாக நீந்தும் இனம். அதன் பெயரைக் கொண்ட ஜென்டூ லினக்ஸில் மென்பொருள்களை மூலநிரலிலிருந்து உங்கள் கணினியிலேயே தொகுத்துக்கொள்வதுதான் வழக்கம். பெரிய உலாவி ஒன்றைத் தொகுக்கப் பழைய கணினியில் மணிக்கணக்கு ஆகும். தன் கணினிக்கு ஏற்றதை மட்டும், தேவையான அம்சங்களோடு மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்பது ரசிகர்களின் வாதம். குரோம்புக்குகளில் இருக்கும் குரோம் ஓ.எஸ். ஜென்டூவின் வழிவந்தது.

சிவப்புத் தொப்பி, விலை 3,400 கோடி டாலர்
ரெட் ஹேட் நிறுவனர்களில் ஒருவரான மார்க் யூயிங், தாத்தா கொடுத்த சிவப்புத் தொப்பியைப் போட்டுக்கொண்டு கல்லூரியில் சுற்றியவர். பெயர் அதிலிருந்து வந்தது. இலவசமாகக் கிடைக்கிற மென்பொருளுக்குப் பராமரிப்பும் உத்தரவாதமும் தந்து வளர்ந்த அந்த நிறுவனத்தை 2019இல் ஐ.பி.எம். 3,400 கோடி டாலருக்கு வாங்கியது.

லினஸ் வீட்டில் எது?
ஃபெடோரா. 2003 முதல் ரெட் ஹேட்டின் ஆதரவோடு வரும் டிஸ்ட்ரோ இது. டோர்வால்ட்ஸுக்கு டிஸ்ட்ரோ பற்றாளர் என்ற பெயரெல்லாம் கிடையாது. நிறுவ எளிதாக இருக்க வேண்டும், சீக்கிரம் கெர்னல் வேலையில் இறங்க வேண்டும், அவ்வளவுதான் அவர் எதிர்பார்ப்பு.

ஒன்றை மூடினால் இரண்டு முளைக்கும்
ரெட் ஹேட்டின் வணிகப் பதிப்புக்கு இணையான இலவசப் பதிப்பாக இருந்தது சென்ட் ஓ.எஸ். அதன் 8ஆம் பதிப்புக்கு 2029 வரை ஆதரவு என்றார்கள். 2020 டிசம்பரில் திடீரென்று "2021 கடைசியோடு சரி" என்றார்கள். சர்வர்களை அதில் ஏற்றியிருந்தவர்கள் திகைத்துப் போனார்கள். மூலநிரல் திறந்திருந்ததால் சில மாதங்களிலேயே ஆல்மா லினக்ஸும் ராக்கி லினக்ஸும் வந்துவிட்டன. ராக்கி என்ற பெயர், சென்ட் ஓ.எஸ். தொடங்கியவர்களில் மறைந்த ராக்கி மக்கா என்பவரின் நினைவாக வைத்தது.

சின்னஞ்சிறுசுகள்
திரைமுகப்போடு வரும் டைனி கோர் 25 எம்.பி.க்குள் அடங்கிவிடும். ஆஸ்திரேலியாவின் பேரி காலர் தன் நாய்க்குட்டியின் பெயரில் 2003இல் தொடங்கிய பப்பி லினக்ஸ் முழுவதுமாக ராமில் ஏறி ஓடக்கூடியது. அதனால் பழைய கணினியும் சுறுசுறுப்பாகும். கிளவுடில் கன்டெய்னர் ஓட்டுகிறவர்களின் செல்லம் ஆல்பைன். அதன் அடிப்படைப் பொதி சில எம்.பி.தான்.

மறதியே பலம்
டெயில்ஸ் பென்டிரைவிலிருந்து ஓடும். கணினியை அணைத்ததும் செய்ததெல்லாம் மறந்துவிடும். இணையத் தொடர்பு முழுவதும், அடையாளத்தை மறைக்கும் டோர் வலைப்பின்னல் வழியாகவே போகும். அமெரிக்க உளவு ரகசியங்களை வெளியிட்ட எட்வர்ட் ஸ்னோடனும் அவரிடமிருந்து ஆவணங்களைப் பெற்ற பத்திரிகையாளர்களும் இதைத்தான் நம்பினார்கள்.

காளி வேண்டாம் தம்பி!
ஹேக்கர் கனவோடு வரும் கல்லூரி மாணவர்கள் முதலில் நிறுவ நினைப்பது காளி லினக்ஸ். 2013இல் வந்த இது பாதுகாப்புச் சோதனையாளர்களுக்கான தொழிற்கருவி. புதிதாக லினக்ஸ் கற்பவர்களுக்கு இது ஏற்றதல்ல என்று அதைத் தயாரிப்பவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்.

கேரளப் பள்ளிகளும் சென்னை 'பாஸ்'ஸும்
கேரள அரசுப் பள்ளிக் கணினிகளில் ஓடுவது கைட் க்னூ/லினக்ஸ், அடித்தளம் உபுண்டு. சென்னை சி-டாக் மையம் டெபியனை அடித்தளமாகக் கொண்டு உருவாக்கியது பாஸ் லினக்ஸ். தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு அதுவும் சேர்ந்தே வந்தது. திறந்து பார்த்த மாணவர்களுக்கு அதுதான் முதல் லினக்ஸ்.

தமிழ் எழுதத் தடையில்லை
1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் உருவான தமிழ்99 விசைப்பலகை பெரும்பாலான டிஸ்ட்ரோக்களில் கிடைக்கிறது. ஐபஸ், எம்17என் ஆகிய பொதிகளை நிறுவினால் தமிழ்99, அஞ்சல் முறைபோல ஒலிபெயர்ப்பு, தட்டச்சு மூன்றுமே வந்துவிடும். 2012 முதல் வரும் 'கணியம்' இதழில் லினக்ஸ் பாடங்களைத் தமிழிலேயே படிக்கலாம்.

முதலிடம் யாருக்கு?
டிஸ்ட்ரோவாட்ச் இணையதளத்தின் தரவரிசையைக் காட்டி "எங்களுடையதுதான் நம்பர் 1" என்பார்கள். அந்தப் பட்டியல் எண்ணுவது, அந்தந்த டிஸ்ட்ரோவின் பக்கத்தை எத்தனை பேர் திறந்து பார்த்தார்கள் என்பதை மட்டுமே. எத்தனை கணினிகளில் அது ஓடுகிறது என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சரி, உங்களுக்கு எது?
விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏறாத, 4 ஜி.பி. ராம் உள்ள கணினி வீட்டில் இருந்தால் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ முகப்புள்ள பதிப்பு போதும். சர்வருக்கு டெபியன். புதுமை வேண்டும், ஆனால் தலைவலி வேண்டாம் என்றால் ஃபெடோரா. உள்ளே என்ன நடக்கிறது என்று கற்றுக்கொள்ள ஆசையும் விடுமுறையும் இருந்தால் ஆர்ச். எதுவானாலும் முதலில் பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமலேயே ஓட்டிப் பாருங்கள். வைஃபை, ஒலி, பிரின்டர் மூன்றும் வேலை செய்கின்றனவா என்று சோதியுங்கள். முக்கியமான கோப்புகளை வேறு வட்டில் நகலெடுத்த பிறகே நிறுவுங்கள். பக்கத்தில் லினக்ஸ் தெரிந்த நண்பர் இருந்தால், அவர் பயன்படுத்துகிற டிஸ்ட்ரோவையே எடுங்கள். நடுராத்திரி சந்தேகத்துக்குப் பதில் சொல்ல ஆள் இருக்கிற டிஸ்ட்ரோதான் புதியவருக்கு நல்ல டிஸ்ட்ரோ.