மரக்கறி உணவும் அதன் காரணங்களும்

சென்னையில் குடியிருக்க வீடு தேடி அலைந்தவர்களுள், "வீடு வாடகைக்கு விடப்படும், சைவ உணவு உண்போர் மட்டும் விசாரிக்கவும்" என்ற பலகையைக் காணாதவர் அரியர். மும்பையிலும் அகமதாபாத்திலும் பலகையில் எழுதப்படாமலே இந்நிபந்தனை பல இடங்களில் அமலில் இருந்து வருகிறது. தம் வீட்டை யாருக்கு விடுவது என்பது உடையவரின் உரிமை என்று சிலர் வாதிப்பர். அவ்வாதத்தைச் சிறிது பொறுத்துப் பார்ப்போம். முதலில் நமக்குத் தெரிய வேண்டுவது, சைவ உணவு என்று அவ்வீட்டுக்காரர் எதைக் கருதுகிறார் என்பதே.

முட்டை கூடாது என்பார். பாலும் நெய்யும் கூடும் என்பார். வெங்காயத்தைக் கேட்டால் சற்றுத் தயங்குவார். உருளைக்கிழங்கைப் பற்றி அவருக்குச் சந்தேகமே எழாது. ஆயினும் சமண நெறியைக் கண்டிப்பாக அநுசரிப்போர், மண்ணுக்குள் விளையும் கிழங்குகளைப் பறிப்பதில் எண்ணிறந்த நுண்ணுயிர்கள் மாளும் என்று கருதி அவற்றை உண்பதில்லை. அவர்கள் கணக்கில் நம் வீட்டுக்காரரே வீட்டுக்குத் தகுதியற்றவர்! வங்காளத்துப் பிராமணர் மீன் உண்பர். காஷ்மீரத்துப் பண்டிதர் ஆட்டிறைச்சி உண்பர். வைஷ்ணவர் ஹோட்டலுக்குச் சென்றாலும் கேட்பது "சைவச் சாப்பாடு" தான். ஒரு சமயத்தின் பெயரே உணவின் பெயராகிவிட்ட விந்தை தமிழில் நிகழ்ந்திருக்கிறது.

சர்க்காருடைய சட்டமும் ஒரு கோட்டைக் கிழித்திருக்கிறது. பொட்டலத்தில் அடைத்து விற்கும் உணவில் பச்சைச் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி இருந்தால் அது சைவம். முட்டை அசைவம், பாலும் தேனும் சைவம். பிராணியிலிருந்து வந்தது என்பதே அளவுகோலானால் பால் எங்ஙனம் இப்புறம் வந்தது, முட்டை எங்ஙனம் அப்புறம் சென்றது? சட்டம் இங்கே தர்க்கத்தைப் பின்பற்றவில்லை, தேசத்தின் வழக்கத்தைப் பின்பற்றியது. வழக்கத்தை மதிப்பது குற்றமென்று நாம் கூறவில்லை. வழக்கம் வேறு, காரணம் வேறு என்பதையே நேயர்கள் மனத்தில் வைக்க வேண்டுகிறோம்.

இந்த வேறுபாட்டைத் தம் வாழ்க்கையிலேயே சோதித்துப் பார்த்தவர் காந்தியடிகள். 1888-இல் அவர் சீமைக்குப் புறப்படுமுன், மாமிசம், மது, மாதர் மூன்றையும் தீண்டுவதில்லை என்று, பேசர்ஜி சுவாமி என்னும் சமணத் துறவியின் முன்னிலையில் தாய்க்கு வாக்களித்தார். அப்பொழுது அவருக்கு மாமிசத்தின்மீது வெறுப்பு ஒன்றும் இல்லை. ஆங்கிலேயர் நம்மை ஆள்வது அவர்கள் இறைச்சி உண்பதனாலேயே என்ற நம்பிக்கை அக்காலத்தில் குஜராத்து மாணவரிடையே பரவியிருந்தது. அதில் மயங்கி இளமையில் நண்பனொருவனுடன் அவர் ஒளிந்து மாமிசம் உண்டதும் உண்டு. தேச விடுதலைக்காக இந்தியர் அனைவரும் ஒருநாள் மாமிசம் உண்ண வேண்டுமென்றே அவர் எண்ணியிருந்தார். ஆகவே லண்டனில் முதலில் அவரைக் காத்தது வாக்கு ஒன்றே.

பாரிங்டன் வீதியில் ஒரு மரக்கறி உணவுச் சாலையைக் கண்டுபிடித்து, அங்கே விற்பனைக்கு இருந்த ஹென்றி ஸால்ட் எழுதிய மரக்கறி உணவைப் பற்றிய நூலை ஒரு ஷில்லிங் கொடுத்து வாங்கிப் படித்த பிறகே, அவர் மரக்கறி உணவைத் தாமாகத் தேர்ந்து கொண்டார். பிறப்பினால் வந்த பழக்கம், தாய்க்குத் தந்த வாக்காகி, பின்பு அறிவின் முடிவாயிற்று. இதை எழுதும் நாமும் பிறப்பினாலேயே மரக்கறி உண்பவர். அதில் நாம் பெருமை கொள்ளத்தக்கது எதுவும் இல்லை; தாய்மொழியை நாம் தேர்ந்தெடுக்காதது போலவே இதையும் நாம் தேர்ந்தெடுக்கவில்லை.

லண்டனில் மாமிசம் என்பதற்கு மூன்று வியாக்கியானங்களைத் தாம் கண்டதாகக் காந்தியடிகள் தமது சரிதையில் எழுதியிருக்கிறார். பறவை, விலங்குகளின் ஊன் மட்டுமே மாமிசம் என்பார் ஒரு சாரார். இவர்கள் மீனும் முட்டையும் உண்பர். உயிருள்ள எல்லாவற்றின் ஊனும் மாமிசம் என்பார் மற்றொரு சாரார். இவர்களுக்கு மீன் ஆகாது, முட்டை ஆகும். பிராணிகளிடமிருந்து கிடைக்கும் பாலும் முட்டையும்கூட விலக்கே என்பார் மூன்றாம் சாரார். பிறர் பேச்சைக் கேட்டுச் சிறிது காலம் முட்டை உண்ட காந்தியடிகள், விரைவில் அதை நிறுத்தினார். எவர் வாக்கைப் பெற்றாரோ அவர் கொண்ட பொருளே வாக்கின் பொருள் என்பது அவர் கண்ட விதி. தம் தாயின் அகராதியில் முட்டையும் மாமிசமே, அதற்குமேல் வாதமில்லை. வக்கீல் தொழிலில் ஈடுபட்டவர்கள் இவ்விதியின் நேர்மையை உணர்வார்கள். தமக்குச் சாதகமான பொருளைத் தேடும் கட்சிக்காரர்களை அவர்கள் தினந்தோறும் காண்கிறார்களன்றோ?

ஆனால் அதே காந்தியடிகள் பின்னர் ஒரு முறை இவ்விதியினின்று வழுவினார். கல்கத்தாவில் மாடுகளைப் பால் சுரக்கச் செய்யும் கொடிய முறைகளை அறிந்து, 1912-இல் தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணையில் நண்பர் கால்லன்பாக்குடன் சேர்ந்து பாலைத் துறந்தார். 1918-இல் கேடா ஜில்லாவில் படைக்கு ஆள் சேர்க்கும் வேலையில் சீதபேதியால் சாவின் விளிம்புவரை சென்றபோது, வைத்தியர் பாலை வற்புறுத்தினார். ஆட்டுப்பாலுக்கு விரதம் இடம் கொடுக்குமே என்று கஸ்தூரிபா எடுத்துக் கூறினார். விரதம் எடுத்தபோது பசுவும் எருமையுமே தம் மனத்தில் இருந்தன என்று காந்தியடிகளும் இசைந்தார். விரதத்தின் எழுத்தைக் காத்து அதன் உயிரை விட்டேன் என்ற கருத்தில் அவர் பிற்காலத்தில் வருந்தி எழுதியிருக்கிறார். அவ்வளவு பெரியவருக்கும் நழுவிப்போன விஷயத்தில், பலகை எழுதி மாட்டுவோர் சற்று அடக்கத்துடன் இருக்கலாம் என்பது நம் அபிப்பிராயம்.

பாலைப் பற்றிய கேள்வி இன்று முன்னிலும் கூர்மையடைந்திருக்கிறது. உலகில் மிக அதிகமாகப் பால் உற்பத்தி செய்யும் நாடு இந்தியா; எருமை இறைச்சியை அதிகமாக ஏற்றுமதி செய்யும் நாடுகளுள் ஒன்றும் அதுவே. இவ்விரண்டும் தொடர்பற்ற செய்திகள் அல்ல. பால் வற்றிய எருமையும், பால் தராத கிடாக்கன்றும் எங்கே போகின்றன என்று காப்பி அருந்தும் சைவர்களாகிய நாம் கேட்டுக் கொள்வதில்லை. இக்கேள்வியைக் கேட்டவர்களே 1944-இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்ஸன் என்பவர் தலைமையில் தனியே ஒரு சங்கம் கண்டனர். 'வெஜிடேரியன்' என்ற சொல்லின் தலையையும் வாலையும் மட்டும் ஒட்டி 'வீகன்' என்று அவர்கள் பெயர் வைத்துக் கொண்டனர். தமிழில் அதை நனிசைவம் என்கிறார்கள். அந்நெறியில் நிற்போர் பி12 வைட்டமினைத் தனியே உட்கொள்ள வேண்டும். தாவர உணவில் மட்டும் அது போதிய அளவு கிடைப்பதில்லை.

தேகாரோக்கியத்துக்காக மாமிசத்தை விடுவோர் உளர். ஆடு மாடு வளர்ப்பினால் பூமி வெப்பமடைகிறதென்று விடுவோரும் இப்பொழுது பெருகி வருகின்றனர். மனிதர் வெளிவிடச் செய்யும் வெப்பவாயுக்களில் 14.5 சதவிகிதம் கால்நடை வளர்ப்பினால் உண்டாவது என்று ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் 2013-இல் மதிப்பிட்டது. இன்னும் நம் கிராமங்களில் புரட்டாசி முழுதும், கார்த்திகையிலும், வெள்ளி செவ்வாய்களிலும் மட்டும் விலக்குவோரே மிகப் பலர். புரட்டாசியில் கசாப்புக் கடைக்காரர் முகத்தைப் பார்த்தாலே அது விளங்கும். அமெரிக்காவின் பியூ ஆராய்ச்சி நிலையம் 2021-இல் வெளியிட்ட கணிப்பில், தம்மை மரக்கறி உண்போர் என்று கூறிய இந்தியர் 100-க்கு 39 பேர். நாளையோ இறைச்சியின் வகையையோ ஏதோ ஒரு விதத்தில் கட்டுப்படுத்திக் கொள்வோர் 81 பேர். ஆக, இந்நாட்டினரை இரு கட்சியாகப் பிரிக்கும் சுவர் பலகையில் உள்ள அளவு உயரமானதன்று.

காந்தியடிகள் 1931-இல் வட்டமேஜை மகாநாட்டுக்குச் சென்றிருந்த சமயம், லண்டன் மரக்கறி உணவுச் சங்கத்தில் பேசினார். முதியவரான ஸால்ட் அவர் பக்கத்தில் அமர்ந்திருந்தார். உடல்நலம் ஒன்றையே கருதி மரக்கறிக்கு வந்தோர் பெரும்பாலும் திரும்பிவிடுகின்றனர், அறத்தின் அடிப்படை இல்லாமல் அது நிலைக்காது என்று அங்கே எடுத்துக் கூறினார். அந்த அறம் பிறரை இழிவாக எண்ணும் உரிமையைத் தருவதன்று. இளமையில் அவர் அதே சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இருந்தபோது, குடும்பக் கட்டுப்பாட்டை ஆதரித்த டாக்டர் அல்லின்ஸனை நீக்கவேண்டுமென்று தலைவர் முனைந்தார். டாக்டரின் கொள்கை தமக்கும் உடன்பாடன்று எனினும், மரக்கறி உண்பவரை மரக்கறிச் சங்கத்தினின்று விலக்க எவருக்கும் உரிமையில்லை என்று காந்தியடிகள் எதிர்த்தார். அக்கட்சி தோற்றது.

நம் நாட்டில் இவ்வுணவைச் சாதியின் படிக்கட்டாக்கிய குற்றத்தை மறைப்பதில் பயனில்லை. வாடகைப் பலகையில் உணவைக் கேட்பவர் சில வேளைகளில் உணவை அறிய விரும்புவதில்லை. சாதியையும் மதத்தையும் நேரே கேட்க நாணி, அடுப்பின் வழியாகக் கேட்கிறார். வள்ளுவர் புலால் மறுத்தலைத் துறவறவியலில் வைத்தார். துறவிக்கு விதித்ததை வாடகைக்கு வருபவரிடம் கேட்பது விந்தையே. புலால் உண்போரைப் புறவினத்தார் என்று கண்டித்துச் சொன்ன இராமலிங்க அடிகளும் அவர்களுடைய பசியைத் தீர்ப்பதற்குத் தடை சொன்னதில்லை. 1867-இல் வடலூரில் அவர் மூட்டிய அடுப்பு, இன்ன சாதியா, இன்ன உணவா என்று கேளாமல் இன்றும் எரிந்து வருகிறது.

இனி உரிமை வாதம். ஒருவர் என்ன உண்கிறார் என்பது அவரது சொந்த விஷயம் என்றும், அரசியல் சட்டத்தின் 21-ஆவது ஷரத்தின்கீழ் அந்தரங்க உரிமையைச் சேர்ந்தது என்றும் சுப்ரீம் கோர்ட்டு 2008-இல் கூறியது. சமணரின் பர்யூஷண பண்டிகைக்காக அகமதாபாத் நகரசபை 9 நாள் கசாப்புக்கூடங்களை மூடியது செல்லும் என்று தீர்த்த அதே வழக்கில்தான் இதுவும் கூறப்பட்டது. சில நாள் பிறர் மனத்தை மதித்து விட்டுக் கொடுப்பது வேறு. ஆண்டு முழுவதும் ஒரு குடும்பத்துக்குக் கூரையை மறுப்பது வேறு. அந்த அபிப்பிராயம் தனிப்பட்ட வீட்டுக்காரரைக் கட்டுப்படுத்தாது என்பதை நாம் அறிவோம். எனவே அவர் மனச்சாட்சியிடமே பேச வேண்டியிருக்கிறது.

அவருக்கு ஒரு செய்தியை மட்டும் நினைவூட்டுவோம். லண்டனில் மாமிசம் உண்ணும் ஆங்கில விதவை ஒருத்தியின் வீட்டில் மாணவர் காந்தி குடியிருந்தார். தம் விரதத்தை அவளிடம் முன்னதாகவே சொல்லிவிட்டார். அவள் கதவைச் சாத்தவில்லை. தன்னாலியன்ற கீரையையும் ரொட்டியையும் சமைத்துக் கொடுத்தாள். அவை போதாமல் அவர் பசியோடிருப்பதையும், வாய்விட்டுக் கேட்க வெட்கப்படுவதையும் கண்டு, அவளுடைய இரு பெண்களும் மேஜையில் இன்னும் ஓரிரு துண்டு ரொட்டியை அவர் பக்கம் நகர்த்தி வைப்பார்களாம்.