அறை மூலையில் சுழலும் விளக்கு

காரைக்குடியிலிருந்து ஓர் ஆசிரியர் எழுதியிருக்கிறார். அவருடைய தங்கை மகன் வெளிநாட்டு வேலையை முடித்துக்கொண்டு ஊருக்குத் திரும்புகிறான். அவனிடம் இரண்டு பழைய விஆர் (மெய்நிகர் உலகம் காட்டும்) ஹெட்செட்டுகள் இருக்கின்றன. ஒன்று ஓக்குலஸ் ரிஃப்ட், மற்றொன்று எச்டிசி வைவ். "உங்களுக்கு எது வேண்டுமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள் மாமா, இன்னொன்றை விற்றுவிடுகிறேன்" என்கிறானாம். வீட்டில் நல்ல கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கணினி இருக்கிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை மனித இதயத்துக்குள்ளும் சனிக்கோளின் வளையத்துக்குள்ளும் அழைத்துப் போக வேண்டும் என்பது ஆசிரியரின் ஆசை. எதை எடுத்துக்கொள்வது என்று கேட்கிறார்.

வைவை எடுத்துக்கொள்ளுங்கள் ஐயா. காரணம் அந்த ஹெட்செட் அல்ல. அதோடு வரும் இரண்டு கறுப்புப் பெட்டிகள். அவற்றைப் பற்றி எழுத ஒரு சாக்கு கிடைக்காதா என்று நெடுநாளாகக் காத்திருந்தேன்.

இரண்டு கண்ணுக்கும் தனித்தனிப் படம் காட்டி ஆழத்தை உண்டாக்குவதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது, அதை விட்டுவிடுகிறேன். இந்த இரண்டு கருவிகளும் எட்டு நாள் இடைவெளியில் சந்தைக்கு வந்தவை. 2016 மார்ச் 28-ல் ரிஃப்ட், ஏப்ரல் 5-ல் வைவ். பாமர் லக்கி என்ற இளைஞர் 2012-ல் பொதுமக்களிடம் பணம் திரட்டித் தொடங்கிய முயற்சி ரிஃப்ட். 2014-ல் ஃபேஸ்புக் அந்த நிறுவனத்தையே வாங்கிவிட்டது. வைவ், தைவானின் எச்டிசியும் அமெரிக்காவின் வால்வ் நிறுவனமும் சேர்ந்து செய்தது. திரையைப் பொறுத்தவரை இரட்டைப் பிள்ளைகள்தான். இரண்டிலும் கண்ணுக்கு 1080×1200 புள்ளிகள், இரண்டிலும் ஓஎல்இடி, இரண்டிலும் நொடிக்கு 90 படம். விலைதான் அப்போது வேறாக இருந்தது: ரிஃப்ட் 599 டாலர், வைவ் 799.

தலையில் மாட்டிப் பார்த்தால் ரிஃப்ட்தான் சொகுசு. எடை குறைவு, காதுக்கான ஒலிபெருக்கியும் அதிலேயே உண்டு. ஆனால் முதலில் அதற்குக் கைகள் இல்லை. சாதாரண வீடியோ கேம் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றைக் கொடுத்து உட்காரவைத்தார்கள். டச் என்ற கைக்கருவிகள் அந்த ஆண்டு டிசம்பரில்தான் தனியாக வந்தன, 199 டாலருக்கு. வந்த பிறகு வைவின் கோல் போன்ற கைக்கருவிகளைவிட அவைதான் கைக்கு இதமாக இருந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும். வைவ் முதல் நாளிலிருந்தே இரண்டு கைக்கருவிகளையும், அறைக்குள் எழுந்து நடக்கும் உரிமையையும் சேர்த்தே கொடுத்தது.

இந்த எழுந்து நடப்பதில்தான் விஷயம் இருக்கிறது. நீங்கள் ஓரடி முன்னால் குனிந்தால் கண்ணெதிரே இருக்கும் காட்சியும் அதே அளவு நெருங்கி வர வேண்டும், அதுவும் சுமார் 20 மில்லிநொடிக்குள். தாமதமானாலோ தவறினாலோ காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ஒன்றைச் சொல்லும், கண் வேறொன்றைச் சொல்லும், வயிறு புரட்டத் தொடங்கும். ஆக, தலை அறையில் எங்கே இருக்கிறது என்பது கணினிக்கு ஒவ்வொரு கணமும் மில்லிமீட்டர் கணக்கில் தெரிந்தாக வேண்டும்.

ஹெட்செட்டுக்குள்ளேயே அசைவை அளக்கும் சில்லு இருக்கிறதே, போதாதா? தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை அது நன்றாகவே சொல்லும். எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று கேட்டால் தடுமாறும். நகர்வைப் பற்றி அதற்குத் தெரிந்தது முடுக்கம் மட்டுமே. அதிலிருந்து வேகம், வேகத்திலிருந்து தூரம் என்று இரண்டு படி கணக்குப் போட வேண்டும். முதலில் நுழைந்த பிழை இரண்டு படியிலும் வளரும். புவியீர்ப்பு முடுக்கத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிழை என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தே நொடியில் அது அரை மீட்டராகிவிடும். நீங்கள் அசையாமல் நிற்க, சனிக்கோள் உங்கள்மேல் வந்து மோதும். அடிக்கடி திருத்திக்கொடுக்க வெளியிலிருந்து ஒரு சாட்சி வேண்டும்.

ரிஃப்ட் இதற்குக் கேமராவை நம்பியது. ஹெட்செட்டின் துணிக்கடியில் அகச்சிவப்பு எல்இடிகள் ஒளிந்திருக்கின்றன. தலையின் பின்பக்கப் பட்டையிலும் உண்டு. ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு கணக்கில் மினுங்கும். மேசைமேல் நிற்கும் கேமரா அவற்றைப் படம் பிடித்துக் கணினிக்கு அனுப்ப, எந்தப் புள்ளி எந்த விளக்கு என்று கணினி அடையாளம் கண்டு தலையின் இடத்தைக் கணக்கிடுகிறது. நேர்மையான வழிதான். ஆனால் தள்ளிப் போகப் போக விளக்கு கேமராவில் சிறுத்துக்கொண்டே போகும், துல்லியமும் குறையும். அறை முழுதும் நடக்க வேண்டுமென்றால் இரண்டாவது, மூன்றாவது கேமரா வேண்டும். ஒவ்வொன்றும் வயரோடு கணினியில் வந்து செருகிக்கொள்ளும்.

வால்வ் இதைத் தலைகீழாக யோசித்தது. இதை முன்னின்று உருவாக்கியவர் ஆலன் யேட்ஸ் என்ற பொறியாளர். இந்த முறையில் கேமராவே கிடையாது. உள்ளங்கையில் அடங்கும் இரண்டு பெட்டிகளை அறையின் எதிரெதிர் மூலைகளில் உயரத்தில் மாட்டுகிறோம். பெட்டிக்குள் ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் இரண்டு சுழலிகள், ஒவ்வொன்றும் நொடிக்கு 60 சுற்று. ஒன்றிலிருந்து கிளம்பும் அகச்சிவப்பு லேசர்க் கோடு அறையைப் பக்கவாட்டில் பெருக்கிச் செல்லும். மற்றது கீழிருந்து மேலாக. பக்கத்தில் எல்இடிக் கூட்டம் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு வீச்சுக்கும் முன்னால் அது அறை முழுவதற்கும் ஒரே நேரத்தில் பளிச்சென்று மின்னும். நம் கண்ணுக்கு இது எதுவும் தெரியாது.

மணப்பாட்டில் எங்கள் அத்தை வீடு. குன்றின்மேல் இருக்கும் கலங்கரை விளக்கத்தின் ஒளி இரவில் மொட்டை மாடிச் சுவரைத் தொட்டுவிட்டுப் போகும், மறுபடி எப்போது வருமென்று பிள்ளைகள் நாங்கள் எண்ணிக்கொண்டு கிடப்போம். அந்த ஒளி சரியாக வடக்கைப் பார்க்கும் நொடியில் கோபுரத்திலிருந்து ஒரு வெடிச் சத்தமும் கேட்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒலி வந்து சேர ஆகும் நேரத்தை மறந்துவிடுவோம். சத்தம் கேட்டதிலிருந்து ஒளி தன்னைத் தொடும்வரை எண்ணும் படகோட்டிக்கு, விளக்கு சுற்றும் வேகம் தெரிந்தால், கோபுரத்துக்கு எந்தத் திசையில் தான் நிற்கிறோம் என்பது தெரிந்துவிடும். வரைபடமோ திசைகாட்டியோ வேண்டாம், எண்ணத் தெரிந்தால் போதும்.

வைவ் செய்வது இதையேதான். அதன் முகப்பில் அம்மைத் தழும்புபோலக் குழிகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் மொத்தம் 32 ஒளி உணரிகள் இருக்கின்றன. மின்னல் தெரிந்ததும் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. லேசர்க் கோடு ஓர் உணரியைக் கடக்கும்போது நேரம் குறிக்கப்படுகிறது. ஒரு சுற்றுக்கு 16.67 மில்லிநொடி என்றால் ஒரு பாகைக்குச் சுமார் 46 மைக்ரோநொடி. நேரம் அப்படியே கோணமாகிவிடுகிறது. பக்கவாட்டு வீச்சு ஒரு கோணம், மேல்நோக்கிய வீச்சு இன்னொரு கோணம். உணரிகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்பது முன்பே தெரியும். ஆகவே கோடு அவற்றை அடுத்தடுத்துத் தொட்ட கணங்களை வைத்தே தலை எங்கே இருக்கிறது, எப்படிச் சாய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். ஒரு பெட்டியின் ஒளியை உங்கள் உடம்பு மறைத்துவிட்டாலும் எதிர்மூலைப் பெட்டி இருக்கிறது.

இதன் துல்லியத்தை நானே கணக்கிட்டுப் பார்த்தேன். கடிகாரம் ஒரு மைக்ரோநொடி தவறினால் மூன்று மீட்டர் தூரத்தில் பிழை சுமார் ஒரு மில்லிமீட்டர். மைக்ரோநொடியையும்விட நுணுக்கமாக அளப்பது இன்றைய மின்னணுவியலில் மலிவான வேலை. விலை உயர்ந்த கண்ணால் செய்ய வேண்டியதை மலிவான கடிகாரத்தால் செய்து முடித்துவிட்டார்கள். நான் படித்தறிந்த பொறியியல் யுக்திகளில் எனக்கு மிகப் பிடித்தவற்றில் இது ஒன்று.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தப் பெட்டிகள் நம்மைப் பார்ப்பதில்லை. கணினியோடு அவற்றுக்கு வயர் கிடையாது, மின்சாரம் மட்டும் போதும். அறையில் யார் இருக்கிறார்கள், எத்தனை ஹெட்செட் இருக்கின்றன என்று அவற்றுக்குத் தெரியாது. ஒன்று இருந்தாலும் பத்து இருந்தாலும் அதே ஒளிதான். வால்வ் 2016-லேயே இந்த முறையை உரிமக் கட்டணம் இல்லாமல் பிறரும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. ஆர்வலர்கள் அதைப் படித்துத் தாங்களே இலவச மென்பொருள் எழுதினார்கள். கையளவுக் கிரேசிஃப்ளை டிரோன்கள் ஆய்வுக்கூடங்களில் தம் இடத்தை அறிய இதே பெட்டிகளின் ஒளியைப் பயன்படுத்துகின்றன. விளையாட்டுக்காகச் செய்த விளக்கு ஆராய்ச்சிக்கும் வழி காட்டுகிறது.

ஆனாலும் வீடுகளில் வென்றது இது அல்ல. 2019-ல் வந்த ஓக்குலஸ் குவெஸ்ட், நான்கு கேமராக்களை ஹெட்செட்டிலேயே பதித்து, சுவரையும் மேசையையும் பார்த்துத் தன் இடத்தைத் தானே கண்டுகொண்டது. பெட்டியும் வேண்டாம், கணினியும் வேண்டாம். மக்கள் அந்தப் பக்கம் போனதில் வியப்பில்லை, ஆணி அடித்துப் பெட்டி மாட்ட எத்தனை பேருக்குப் பொறுமை இருக்கும்? எனக்கு வருத்தம் வேறு இடத்தில். வீட்டுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருக்கும் கேமராவை முகத்தில் மாட்டிக்கொள்ளும்போது, அதன் பின்னால் இருக்கும் நிறுவனம் எது என்று கேட்கும் பழக்கத்தையும் சேர்த்தே விட்டுவிட்டோம். 2020-ல் குவெஸ்ட் 2 வந்தபோது ஃபேஸ்புக் கணக்கு இல்லாமல் அதைத் திறக்கவே முடியவில்லை. ஜெர்மனியில் எதிர்ப்பு எழுந்து அங்கே விற்பனையே நின்றிருந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து அந்த நிபந்தனையைக் கைவிட்டார்கள். எதிர்த்தவர்கள் இருந்ததால் மாறியது.

ரிஃப்டைத் தள்ளிவைக்கச் சொல்வதற்கும் இதில் ஒரு காரணம் இருக்கிறது. 2018 மார்ச் 7 அன்று உலகெங்கும் ரிஃப்டுகள் ஒரேயடியாக நின்றுபோயின. ஹெட்செட்டில் பழுதில்லை. அதன் மென்பொருளின் பாதுகாப்புச் சான்றிதழ் அன்று காலாவதியாகிவிட்டது, புதுப்பிக்க நிறுவனத்தில் யாருக்கும் நினைவில்லை. பிறகு சரிசெய்து, பயனர்களுக்கு 15 டாலர் இழப்பீடாகக் கணக்கில் சேர்த்தார்கள். மைக்ரோசாஃப்ட் செய்தது அதைவிடக் கொடுமை. 2024-ல் விண்டோஸ் 11-இன் புதிய பதிப்பிலிருந்து தன் விஆர் மென்பொருளையே நீக்கியது. அதை நம்பி எச்பி முதலிய நிறுவனங்கள் விற்ற ஹெட்செட்டுகள், கண்ணாடியும் திரையும் நன்றாக இருந்தும், அந்தப் பதிப்புக்கு மாறிய வீடுகளில் வேலை செய்யாமல் போயின. காசு கொடுத்து வாங்கிய பொருளின் உயிர் தூரத்தில் யாரோ ஒருவர் கையில் இருப்பதை நாம் இயல்பாக ஏற்றுக்கொண்டுவிட்டோம். ஏற்றுக்கொள்ளக் கூடாது. வாங்குமுன், இந்த நிறுவனம் நாளை கைவிட்டால் இதில் எது வேலை செய்யும் என்று கேட்க வேண்டும். வைவின் பெட்டிகளைப் பொறுத்தவரை, மின்சாரம் இருக்கும்வரை அவை சுழலும்.

நாமே செய்யும் அநியாயமும் உண்டு. ஹெட்செட்டை ஜன்னலோரம் கண்ணாடி மேல்நோக்கி இருக்கும்படி வைத்துவிடுகிறோம். அந்த லென்ஸ் வெயிலைக் குவித்து உள்ளிருக்கும் திரையைப் பொசுக்கிவிடும், அதற்கு அதிக நேரமும் தேவையில்லை. எந்த நிறுவனத்தின் ஹெட்செட்டானாலும் துணி போட்டு மூடி, பெட்டிக்குள் வையுங்கள்.

ஆசிரியருக்கு இன்னும் சில வார்த்தைகள். சின்னப் பிள்ளைகளுக்கு மாட்டாதீர்கள். ரிஃப்டைச் செய்தவர்களே 13 வயதுக்கு மேல் என்றுதான் சொன்னார்கள். லென்ஸ்களின் இடைவெளியும் வளர்ந்தவர்களின் கண்ணுக்கு அமைந்தது. பத்தாம் வகுப்பென்றால் ஒருவர் மாற்றி ஒருவர், கொஞ்சநேரம் போதும். பெட்டிகளைத் தலைக்கு மேலே, தரையிலிருந்து இரண்டு மீட்டர் உயரத்துக்குக் குறையாமல், கீழ்நோக்கிச் சற்றுச் சாய்த்து, ஒன்றையொன்று பார்க்கும்படி மாட்டுங்கள். அறையில் பீரோ இருந்தால் அதன் கண்ணாடியைப் போர்வையால் மூடிவிடுங்கள். லேசர் அதில் பட்டுத் திரும்பினால் ஹெட்செட் எது உண்மையான வீச்சு என்று தெரியாமல் துள்ளும்.

மருமகன் வந்ததும் பேரம் பேசுமுன் பெட்டிகள் இரண்டையும் மின்சாரத்தில் செருகச் சொல்லுங்கள். பின்பக்கப் பொத்தானை அழுத்தி ஒன்றை 'பி' எழுத்திலும் மற்றதை 'சி' எழுத்திலும் வைத்தால் விளக்கு பச்சையாக வேண்டும். சுழலியின் ஓசை ஒரே சீராக இருக்க வேண்டும். உரசும் சத்தம் கேட்டால் உள்ளே தேய்மானம் என்று அர்த்தம். அப்படியானால் பெட்டியை மட்டும் தனியே வாங்கிக்கொள்ளலாம், பழையது கிடைக்கிறது. ஆனால் முதல் தலைமுறைப் பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள். முகப்பு வளைந்திருக்கும் இரண்டாம் தலைமுறைப் பெட்டியில் சுழலி ஒன்றுதான், அந்த முன்மின்னலும் கிடையாது. உங்கள் வைவுக்கு அதன் ஒளியைப் படிக்கத் தெரியாது.