சுருங்கும் ஸ்டியரிங் தண்டு

மதுராந்தகம் வழியே செல்லும் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில், புதுப்பிக்கப்பெற்ற பழைய பிக்கப் வண்டியொன்று எப்பொழுதேனும் நம் கண்ணிற்படலாம். அத்தகைய வண்டிகள் பலவற்றில் ஸ்டியரிங் தண்டு சுருங்காத ஒரே இரும்புத் துண்டாகும். அதன் ஒரு முனை முன்புறப் பற்சக்கரப் பெட்டியிலும், மறுமுனை ஓட்டுநரின் மார்புக்கு நேராகவும் இருக்கும். வண்டி மோதி முன்புறம் நசுங்கினால், தண்டு ஈட்டிபோற் பின்னோக்கிப் பாயும்.

இதனைத் தடுப்பது எங்ஙனம்? ஒரு குழாய்க்குள் மற்றொரு குழாய் புகுமாறு தண்டை அமைத்தால், மோதும்பொழுது அது தானே சுருங்கிவிடும். சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு மூலமான இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டு கார், 1959இலேயே இத்தகைய தண்டைப் பெற்றிருந்தது. அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தன் 1967ஆம் ஆண்டுக் கார்களில் வலைபோன்ற உறை மடங்கிச் சுருங்கும் தண்டைப் பொருத்திற்று.

பழைய வண்டிக்கு இதனைப் பொருத்த விழைவோர், தண்டை வெட்டி ஏனோதானோவென்று பற்றவைத்தல் தகாது; பற்றவைப்பு விட்டால் வண்டி திரும்பாது. நீளமும் மூட்டுகளின் கோணமும் பொருந்துதல் வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வாகன மாற்றங்களுக்கு வரம்பு விதிப்பதால், பதிவு அலுவலகத்தில் முன்னரே கேட்டறிதலும் கடமையாகும். ஓட்டுநரின் உயிர் அத்தண்டின் முனையில் இருக்கிறது என்பதை மறவாதீர்கள்.